நாற்பது மீட்டர் கயிறு

போனது பதினோரு பந்து. திரும்பி வந்தது பன்னிரண்டு.

ஒன்று குறைந்திருந்தால் டீச்சர் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுச் சமாதானமாகியிருப்பார். பள்ளி விட்டுப் பள்ளி போய் வரும் பந்துகளில் ஒன்று குறைவது உலக வழக்கம். கூடுதலாக ஒன்று வந்தால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டோர் ரூம் தரையில் பன்னிரண்டையும் வரிசையாக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினொன்றில் அவர் மார்க்கரால் போட்ட எண் இருந்தது. பன்னிரண்டாவது புத்தம் புதுசு.

"பெரிய ஸ்கூல்ல இதை எதுக்கு அனுப்பியிருக்காங்க?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"விளையாடத்தான்."

"அது தெரியுது. எதுக்கு?"

"டீச்சர், பந்து குறைஞ்சாலும் என்னைத்தான் கேக்குறீங்க, கூடினாலும் என்னைத்தான் கேக்குறீங்க. சரியா இருந்தா மட்டும் என்னை யாரும் கண்டுக்கிறதில்ல."

டீச்சர் அந்தப் பந்தை மட்டும் அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். சாவியை விசில் தொங்கும் கயிற்றிலேயே கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. பதினான்கு வருடமாக இந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் கயித்து டீச்சர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பக்கத்து அலுவலகத்தில் இரும்பு டேப் இரவல் வாங்கி, ஒரு நைலான் கயிற்றைச் சரியாக நாற்பது மீட்டருக்கு வெட்டி, பத்தொன்பது மீட்டர் சொச்சத்தில் ஒரு நீலத் துணியும் கடைசி முனையில் ஒரு சிவப்புத் துணியும் கட்டினார். மைதானத்தில் இருநூறு மீட்டர் ஓடுபாதை போட அது போதும். சிவப்புவரை இழுத்தால் நேர்கோடு. நடுவில் முளை அடித்து, நீலம்வரை கயிற்றை விட்டுச் சுற்றி வந்தால் வளைவு. மழை பெய்து கோடு அழிந்த ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறுதான் வெளியே வந்தது. அதை வேறு யாரும் தொடக் கூடாது. வருடத்தில் ஒரு நாள், பள்ளியின் விளையாட்டு விழாவன்று மட்டும் அதற்கு இன்னொரு வேலை உண்டு. பக்கத்துக்கு இருபது பேராக நின்று கயிறு இழுப்பார்கள். பள்ளியில் இருக்கும் உறுதியான கயிறு அது ஒன்றுதான்.

டீச்சர் அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தார். வீட்டின் முன்னறை அக்கா புருஷனின் தையல் கடை. புது கேஸ் சிலிண்டர் வந்தால் எடை பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார் டீச்சர். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்ததும் எண்ணுவார். "உன்னைக் கட்டிக் குடுத்திருந்தா தாலிய உரசிப் பாத்துட்டுத்தான் கழுத்த நீட்டியிருப்பே," என்பாள் அக்கா. "உரசாம வாங்கின உனக்கு மட்டும் என்ன கிடைச்சுது?" என்று டீச்சர் கேட்பார். மெஷினில் குனிந்திருக்கும் மாமா நிமிராமல், "எனக்குக் காது கேக்குது," என்பார்.

அந்த வருடத்துப் பெரிய சந்தேகம் நான்கு பள்ளிகளின் கூட்டு. பெரிய பள்ளி, சந்தைப் பள்ளி, மாடிப் பள்ளி, இவர்கள் பள்ளி ஆகிய நான்கும் சேர்ந்து விளையாட்டுக் கல்வியை மேம்படுத்தப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. யாரிடம் எது இருக்கிறதோ அதை எல்லாரும் பயன்படுத்தலாம். பெரிய பள்ளியில் கூரை போட்ட அரங்கமும் மெத்தைகளும் இருந்தன. சந்தைப் பள்ளியில் நல்ல வாலிபால் வாத்தியார். மாடிப் பள்ளிக்கு மைதானமே இல்லை, மொட்டை மாடியில்தான் பிள்ளைகள் குதிப்பார்கள். இவர்களிடம் இருந்தது மைதானம் ஒன்றுதான். ஆனால் நான்கில் பெரிய மைதானம்.

கூட்டை நடத்தியவர் பெரிய பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். எதற்கெடுத்தாலும் பல் முழுதும் தெரியச் சிரிப்பார். பிள்ளைகள் அவருக்குப் பல்பொடி என்று பெயர் வைத்திருந்தார்கள். டீச்சரும் மனதுக்குள் அப்படித்தான் சொல்லுவார்.

"அரங்கம் வச்சிருக்கிறவனுக்கு நம்ம கூட என்ன கூட்டு?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டார்.

"எனக்கும் அதேதான் தோணுது," என்று தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது. மைதானத்து மேல கண்ணு இருக்கும். பாத்துக்கிட்டே இருங்க."

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் மாடிப் பள்ளிப் பிள்ளைகள் வந்து அவருடைய மைதானத்தில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். முதல் நாள் மண்ணைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுச் சிலர் சும்மா வட்டமடித்தார்கள். அது டீச்சருக்குப் பிடித்திருந்தது. ஆனால் கூட வந்த ஆசிரியை வேலியோரம் நடந்து நடந்து எதையோ பார்த்தது பிடிக்கவில்லை. நிழல் தேடினார் என்று வாட்ச்மேன் சொன்னார். டீச்சர் நம்பவில்லை.

இந்தக் கூட்டில் டீச்சருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றின் பெயர் கீரி.

கீரி ஒன்பதாம் வகுப்பு. மெலிந்த கழுத்து, நிற்காத வாய். புதருக்குள் போன பந்தை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வரும் வேகத்துக்காக வைத்த பெயர். மண்டலப் போட்டிக்கு இந்த வருடம் நான்கு பள்ளிகளும் சேர்ந்து ஒரே அணி. இருநூறு மீட்டருக்கு நான்கு பெண்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் மைதானத்தில் ஓடவிட்டு நேரத்தை எழுதி அனுப்ப வேண்டும், வேகமான நான்கு பேர் அணியில். அந்த வயதுப் பிரிவில் கீரிக்கு இதுதான் கடைசி வருடம். டீச்சர் அவளை மூன்று நாள் ஓடவிட்டு, மூன்றில் நல்லதை எழுதி அனுப்பினார். முப்பத்தொன்று புள்ளி ஒன்பது.

முதல் பட்டியல் வந்தது. மூன்று பேர் பெரிய பள்ளி, ஒருத்தி சந்தைப் பள்ளி. நான்காவது பெண்ணின் நேரம் முப்பது புள்ளி ஏழு. அவளும் பெரிய பள்ளி. அடுத்த வெள்ளிக்கிழமை இறுதிப் பட்டியல் மண்டலத்துக்குப் போய்விடும்.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லட்டா? திட்டக் கூடாது," என்றாள் கீரி.

"சொல்லு. திட்டறதப் பத்தி அப்புறம் பாப்போம்."

"போன வாரம் பெரிய ஸ்கூல்ல பிராக்டிஸ் வச்சாங்கள்ல? அங்க நான் முப்பது புள்ளி மூணு ஓடினேன். அந்த சார் வாட்ச்சுல பாத்துட்டு என்னையே பாத்தாரு. அங்க ஓடினா காலு லேசா இருக்கு மிஸ். சீக்கிரமே முடிஞ்சுபோவுது."

டீச்சர் கையிலிருந்த சுண்ணாம்புப் பொடி வாளியைக் கீழே வைத்தார். ஒரே பெண், ஒரே கால், ஒன்றரை செகண்ட் வித்தியாசம். காற்று ஒன்றரை செகண்டைத் தராது. ஆசையும் தராது.

"சீக்கிரம் முடிஞ்சுபோவுதா?" என்று கேட்டார். "அப்படின்னா அவங்க பாதையில எங்கயோ குறையுது."

சனிக்கிழமை பெரிய பள்ளியில் நான்கு பள்ளி ஆசிரியர்களுக்கும் முதலுதவிப் பயிற்சி இருந்தது. டீச்சர் கயிற்றைச் சுருட்டித் துணிப்பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போனார். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் டம்ளரும் கையுமாக நின்றபோது அவர் மைதானத்துக்கு இறங்கினார். நான்கு பள்ளிக்கும் ஒரே வரைபடம்தான். நாற்பது மீட்டர் நேர்கோடு, வளைவு, நாற்பது மீட்டர் நேர்கோடு, வளைவு. நேர்கோட்டின் ஒரு முனையிலிருந்த கம்பத்தில் கயிற்றைக் கட்டினார். இழுத்துக்கொண்டே நடந்தார். மறுமுனைக் கம்பம் வந்தபோது கையில் இன்னும் கயிறு மிச்சம் இருந்தது. சிவப்புத் துணி கம்பத்தைத் தாண்டி இரண்டு பெரிய எட்டு தள்ளிக் கிடந்தது.

"என்னம்மா, துணி காயப்போடவா?" என்றான் அந்தப் பள்ளிக் காவலாளி.

"ஆமா."

"துணி எங்க?"

"வரும், வரும்," என்று சொல்லிவிட்டு டீச்சர் கயிற்றைச் சுருட்டினார். நாற்பதில் இரண்டு மீட்டர் குறைகிறது. சுற்றுக்குக் கணக்குப் போட்டால் பத்து மீட்டர். நூற்றுத்தொண்ணூறு மீட்டர் ஓடிவிட்டு இருநூறு என்று எழுதுகிறார்கள். அதனால்தான் அந்தச் சிரிப்பு.

மத்தியானப் பயிற்சியில் பல்பொடி கட்டுப் போட்டுக் காட்டினார். "மேடம், கொஞ்சம் கைய குடுங்க, உங்க கையில கட்டிக் காட்டறேன்," என்றார்.

"என் கை நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை புகார் எழுதினார். இரண்டு முறை கிழித்துப்போட்டு மூன்றாவது முறை சுருக்கமாக எழுதினார். பெரிய பள்ளியின் ஓடுபாதை அளவில் குறைவானது, அங்கே எடுத்த நேரங்கள் செல்லாதவை, பட்டியலை நிறுத்திவைக்க வேண்டும். திங்கட்கிழமை தலைமையாசிரியை அதை இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. புதன்கிழமை நான்கு பள்ளிகளும் கூடும் கூட்டத்தின் தலைவர் சந்தைப் பள்ளித் தலைமையாசிரியர். அவர் பெயருக்கு உறை போட்டு ஒட்டினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டீச்சர் அரை நாள் லீவில் வீட்டுக்கு வந்தார். அவருடைய டிராக் பேன்ட்டின் ஜிப் பல் விட்டிருந்தது. கடையில் மாமா கட்டிங் மேஜையில் நின்றிருந்தார். ஜன்னலோரம் காஜா போடும் பெண் குனிந்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் இதே டீச்சரிடம் படித்தவள். கடைக்கு வேலைக்கு வந்த இரண்டு வருடமாக அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதுவும் துணியைப் பார்த்து. அதனால் டீச்சருக்கு அவள்மேல் ஒரு கண். டப்பாவில் பட்டன் குறைகிறதா என்று மாமாவிடம் சாடையாக இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

மாமா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பொட்டலத்தைப் பிரித்துப் புது டேப் எடுத்தார்.

"ஏன் மாமா, அது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்லுது."

"டேப்பு பொய் சொல்லுமா?"

"நம்பிக்கை இல்லையா? இங்க வா, வாத்தியாரம்மா." கூடையிலிருந்து பழையதை எடுத்துப் புதியதன் மேல் வைத்தார். தொடக்கம் ஒன்றாக இருந்தது. முடிவில் பழையது கட்டைவிரல் அகலத்துக்கு நீண்டிருந்தது. "இழுத்து இழுத்துப் புடிச்சா வளராம என்ன பண்ணும்? நம்ம வயிறு மாதிரிதான்."

"அப்ப இவ்வளவு நாள் தைச்ச சட்டையெல்லாம் தப்பா?"

"அங்கதான் விஷயம். இதே டேப்புல அளவெடுத்து இதே டேப்புல வெட்டினேன்னு வை, தப்பே வெளிய தெரியாது. சட்டை கனகச்சிதமா நிக்கும். வேற கடைக்காரன் எழுதிக் குடுத்த அளவ நான் என் டேப்புல வெட்டறேன் பாரு, அப்பதான் மானம் போகும். போன வாரம் ஒருத்தர் அப்படித்தான் கொண்டாந்தாரு. தொளதொளன்னு ஆயிடுச்சு. நான் அந்தக் கடைக்காரனத் திட்டினேன், அவன் என்னைத் திட்டினான். கடைசியில பாத்தா என் கழுத்துல கிடந்த பாம்பு."

காஜா பெண் வாயில் நூலைக் கடித்தபடி சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. பழைய டேப்பின் நீட்டியிருந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, அந்தப் புது டேப்ப குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன். சாயங்காலம் தரேன்."

"ஜிப்பு?"

பேன்ட்டை மேஜைமேல் போட்டுவிட்டு டீச்சர் போய்விட்டார்.

பள்ளியில் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஸ்டோர் ரூமுக்கு முன்னாலுள்ள நீளத் தாழ்வாரத்தில் கயிற்றை நேராக இழுத்துப் போட்டார். ஒன்றரை மீட்டர் டேப்பை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, மண்டியிட்டு நகர்ந்து அளந்தார். இருபத்தேழாவது கோட்டைத் தாண்டுவதற்குள் கயிறு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இருபத்தெட்டு முழு டேப். அதற்கு மேலும் ஒரு சாண் தூரம் போய்த்தான் சிவப்புத் துணி இருந்தது. நாற்பத்திரண்டு மீட்டருக்கும் மேல்.

முதலில் அவர் சந்தேகப்பட்டது மாமாவின் புது டேப்பை. எட்டாம் வகுப்புக்குள் போய் ஒரு பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை வாங்கி டேப்பை அளந்தார். சரியாக இருந்தது. ஸ்கேல்மேல் சந்தேகம் வந்தது. இன்னொரு பெண்ணின் ஸ்கேலை வாங்கினார். அதுவும் சரியாக இருந்தது. மூன்றாவதாகக் கணக்கு வாத்தியாரின் மரக்கோலைக் கேட்டார். "என்ன டீச்சர், ஸ்கூலையே விலைக்குக் குடுக்கப் போறாங்களா?" என்றார் அவர். மரக்கோலும் அதையே சொன்னது. மீதி இருந்தது கயிறு ஒன்றுதான்.

டீச்சர் தாழ்வாரத் தரையில் உட்கார்ந்தார். எதிரே சுவரில் பள்ளிச் சாதனைகளைப் பெயின்ட்டில் எழுதிய பலகை இருந்தது. பெண்கள் இருநூறு மீட்டர், முப்பது புள்ளி ஒன்று. பதின்மூன்று வருடத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. வருடா வருடம் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனபோது டீச்சர் பிள்ளைகளைத்தான் திட்டினார். செல்போன் பார்த்துக் கால் மரத்துவிட்டது என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது என்றார். காலில் உப்பில்லை என்று ஒரு பெண்ணிடம் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். வருடா வருடம் விழாவில் நாற்பது பேர் கயிற்றை இழுத்தார்கள். இவர் ஓரமாக நின்று, "இழு, இன்னும் இழு," என்று விசில் ஊதினார்.

எழுந்து தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

"மேடம், அந்த லெட்டரத் திருப்பிக் குடுங்க."

"காலையிலயே ஆள் கையில குடுத்தனுப்பியாச்சே. என்ன ஆச்சு?"

டீச்சர் சொன்னார். தலைமையாசிரியை எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப விடுங்க. நாளைக்கு அந்த லெட்டரப் படிக்கட்டும். அவங்க கொஞ்சம் ஆடிப்போகட்டும். நம்ம கயிறு பழசு, குப்பையில போட்டாச்சுன்னு வைங்க, யாரு வந்து அளக்கப் போறா?"

"அவங்க பாதைய அளப்பாங்கல்ல? அது சரியாத்தான் இருக்கும்."

"இருந்தா தெரியாம எழுதிட்டோம்னு சொல்லிக்கலாம். நீங்களா போயி, பதினாலு வருஷமா தப்பா அளந்தேன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பெத்தவங்க வாசல்ல வந்து நிப்பாங்க. இந்தப் பள்ளிக்கூடமே ஏமாத்துச்சும்பாங்க. அப்புறம் மைதானமும் போகும், உங்க விசிலும் போகும்."

"நான் வாய மூடிக்கிட்டா கீரி நேரம் முப்பத்தொண்ணு புள்ளி ஒன்பதாவே நிக்கும் மேடம்."

"ஒரு பொண்ணுக்காகவா?"

தலைமையாசிரியை ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒரு வழி வைத்திருக்கிறார் என்று அந்த நேரத்திலும் டீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்.

புதன்கிழமை பெரிய பள்ளியில் நீள மேஜையைச் சுற்றி நான்கு பள்ளிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவரின் முன்னால் அந்த உறை இருந்தது, இன்னும் பிரிக்காமல். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உறையை எடுத்தபோது டீச்சர் எழுந்தார். பையிலிருந்து கயிற்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பதினான்கு வருடச் சுண்ணாம்பு அதிலிருந்து கிளம்பி பிஸ்கட் தட்டில் இறங்கியது.

"அதைப் படிக்கறதுக்கு முன்னாடி இதை அளந்துடுங்க சார்," என்றார்.

"என்னம்மா இது?"

"எங்க பாதை போடற கயிறு. நாப்பது மீட்டர்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நாப்பத்திரண்டுக்கு மேல இருக்கு. எங்க பிள்ளைங்க இருநூறுன்னு ஓடினது எல்லாம் இருநூத்திப்பத்து." நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டார். "அந்த லெட்டர்ல உங்க பாதை குறைச்சல்னு எழுதியிருக்கேன். உங்களது சரி. என்னோடதுதான் தப்பு."

மாடிப் பள்ளி ஆசிரியை பிஸ்கட்டின் மேலிருந்த சுண்ணாம்பை ஊதினார்.

பல்பொடி தன் கோப்பைத் திறந்து இன்னொரு உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுவும் இன்னைக்குக் குடுக்கறதா இருந்துச்சு. உங்க மேல புகார்."

"என் மேலயா?"

"அந்தப் பொண்ணு இங்க வந்து முப்பது புள்ளி மூணு ஓடினா. நீங்க எழுதி அனுப்பினது முப்பத்தொண்ணு புள்ளி ஒன்பது. நல்ல பிள்ளைங்கள வேணும்னே மெதுவா ஓடறதா எழுதி ஒளிச்சு வைக்கிறீங்க, எங்க அணிக்குக் குடுக்க மனசில்லன்னு நாங்க நினைச்சோம்."

"ஒளிச்சு வைக்கவா? அவ ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவா. அவள எங்க சார் ஒளிக்கிறது?"

தலைவர் முதலில் சிரித்தார். பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. "நாலு பள்ளிக்கூடம் ஒண்ணா சேந்து விளையாட்ட வளக்கறோம்னு பேரு. ஆளுக்கொரு புகாரப் பையில வச்சுக்கிட்டுத்தான் பிஸ்கட் சாப்பிட்டிருக்கோம். சரி, ரெண்டு உறையையும் கிழிச்சுப் போட்டுடவா?"

"படிச்சுட்டுக் கிழிங்க," என்றார் டீச்சர்.

"ஏம்மா?"

"உள்ள வேற என்ன எழுதியிருக்காங்கன்னு தெரிய வேண்டாமா?"

படித்தார்கள். வேறொன்றும் இல்லை. கிழித்தார்கள்.

வியாழக்கிழமை காலை பல்பொடி ஐம்பது மீட்டர் இரும்பு டேப்புடன் டீச்சரின் மைதானத்துக்கு வந்தார். டேப்பின் தொடக்கத்தில் வளையம் தேய்ந்திருக்கிறதா என்று டீச்சர் பார்த்தார். பிறகு இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். புதுக்கோடு பழைய கோட்டுக்கு உள்ளே விழுந்தது. சுற்றிலும் வெள்ளையாக இரண்டு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. வெளிவட்டத்தைக் காலால் தேய்த்து அழிக்கச் சொன்னார் டீச்சர். பிள்ளைகள் வரிசையாக நின்று தேய்த்தார்கள். பாதி சுற்றுகூட ஆகவில்லை, கீரிக்கு மூச்சிரைத்தது.

"நீ நில்லு. நீ ஓடணும்," என்றார் டீச்சர்.

"மிஸ், அப்ப இத்தனை நாளா நாங்க பத்து மீட்டர் சும்மா ஓடினோமா?"

"ஆமா."

"ஏன் மிஸ்?"

"என் தப்பு."

கீரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டீச்சர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. "பரவாயில்ல மிஸ். வேற யாராவது பண்ணியிருந்தா நீங்க முட்டி போட வச்சிருப்பீங்க," என்றாள்.

நேரம் பார்க்க பள்ளிக்கு ஒரு வாட்ச்சாக நான்கு வாட்ச். டீச்சர் கேட்ட ஏற்பாடு அது. கீரியுடன் இன்னும் ஐந்து பேரை ஓடவிட்டார்கள். கீரி வளைவில் உள்ளே சாய்ந்து, கடைசி நேர்கோட்டில் தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி வந்தாள். கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் பத்து மீட்டர் ஓடினாள். பழக்கம். நான்கு வாட்ச்சும் முப்பது புள்ளி நான்கைச் சுற்றியே இருந்தன.

வெள்ளிக்கிழமை பட்டியலைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தபோது பல்பொடி நான்காவது பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். அது அவருடைய பள்ளிப் பெண். அவர் பயிற்சி கொடுத்தவள். அந்த இடத்தில் கீரியின் பெயரை எழுதினார். அவர் உதடுகள் மூடியிருப்பதை டீச்சர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல. இனிமேதான்."

டீச்சர் பட்டியலைத் தன் பக்கம் திருப்பினார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பட்டியலை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை பழைய நேரப் பதிவேடுகளை எடுத்துத் திருத்தலாம் என்று உட்கார்ந்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். இப்போது கயிறு எவ்வளவு நீளம் என்று தெரியும். போன வருடம் எவ்வளவு, ஆறு வருடத்துக்கு முன்னால் எவ்வளவு என்று யார் சொல்வது? ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு பெண்ணின் நேரம் முப்பத்தொன்று புள்ளி ஆறு. அப்போது மண்டலத்துக்கு முப்பத்தொன்று வேண்டியிருந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே, "முயற்சி போதாது."

பதிவேட்டை மூடிவிட்டு நேராகத் தையல் கடைக்கு வந்தார். மாமா துணி எடுக்க வெளியே போயிருந்தார். காஜா பெண் மட்டும் ஜன்னலோரம் இருந்தாள். டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கயிற்றைப் பற்றி முதலிலிருந்து சொன்னார். அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீ ஓடின வருஷம் அது எவ்வளவு நீண்டிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "அஞ்சு மீட்டரா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். கணக்குப் போட்டுச் சொல்ல வழி இல்ல."

ஊசி நின்றது. ஆறு வருடம் கழித்து அவள் முதல்முறையாக டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"கணக்கு வேணாம் மிஸ். நான் அன்னைக்கு நல்லாத்தான் ஓடினேன். எனக்குத் தெரியும்."

"கால்ல உப்பில்லன்னு சொன்னேன்."

"எல்லார் முன்னாடியும் சொன்னீங்க."

"ஆமா."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து போய், மேஜையடியிலிருந்து டிராக் பேன்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஜிப்பு மாத்தியாச்சு. உங்க மாமா இல்ல, நான்தான் போட்டேன். இழுத்துப் பாத்துக்குங்க."

"வேணாம். சரியாத்தான் இருக்கும்," என்றார் டீச்சர். பேன்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வரலாம் என்று இறங்கினார்.

தெருமுனை திரும்பியதும் பையைத் திறந்து ஜிப்பை மூன்று முறை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.